ஏற்காட்டு அமைதியில் காதிரைச்சல் அடங்குமா?

9 ஜூன் 2024, கேள்வி

மூன்று மாதமாக இரண்டு காதிலும் ஙொய்யென்று விடாமல் ஒரு சத்தம். ராத்திரி படுத்தால் அது மட்டும்தான் கேட்கிறது. தூக்கம் போய், இப்போதெல்லாம் பொழுது சாய்ந்தாலே படபடப்பு வந்துவிடுகிறது. வயது 31. சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். சத்தமே இல்லாத இடத்தில் ஒரு மண்டலம் இருந்தால் காது தானாக ஆறிவிடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஏற்காடு நாகலூரில் மாமா வீடு சும்மா பூட்டிக் கிடக்கிறது. பட்டறையை மூடிவிட்டுப் போகலாமா? அப்படி இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

9 ஜூன் 2024, இரவு 10.40

போகாதே தம்பி. நான் போய் இருந்தேன். நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.

10 ஜூன் 2024

எனக்கு 53 வயது. கொண்டலாம்பட்டியில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீட்டில் நாலு தறி, புகுந்த வீட்டில் எட்டுத் தறி. படுக்கிற அறைக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர்.

2019 பொங்கல் கழிந்து ஒரு ராத்திரி கரண்ட் போனது. எட்டுத் தறியும் நின்றது, ஃபேன் நின்றது. ஆனால் எங்கேயோ ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் கத்துகிறது என்று நினைத்து எழுந்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினேன். மீட்டர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். வாசலுக்குப் போய் நின்றேன், அங்கேயும் அதே அளவு. கடைசியில் இரண்டு விரலாலும் காதைப் பொத்தினேன். சத்தம் கூடியது. அது என் தலைக்குள்ளிருந்து வருகிறது என்று அந்த நிமிடம்தான் தெரிந்தது. கை கால் நடுங்கிவிட்டது.

அதற்கப்புறம் நீ எழுதியிருப்பதுதான். தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு, சாயங்காலம் ஆறு மணிக்கே ராத்திரியை நினைத்துப் பயம். தறிச்சத்தம்தான் காரணம், சத்தமில்லாத இடத்துக்குப் போனால் சரியாகும் என்று எனக்கும் தோன்றியது. நாத்தனார் குடும்பம் ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டையில் காபித் தோட்டத்தில் இருந்தது. மாசிக் குளிரில் பஸ் ஏறினேன். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஏழெட்டு வளைவு தாண்டியதும் காது அடைத்தது. எச்சில் விழுங்கினேன், டப்பென்று திறந்தது. திறந்த அந்த ஒரு நொடி இரைச்சலே இல்லை. மலை ஏறும்போதே குணமாகிறது என்று பஸ்ஸிலேயே கண்ணீர் வந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் எல்லோரும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். அங்கே ஃபேன் தேவையில்லை. ரோட்டில் வண்டி இல்லை. வெளியே சில்வர் ஓக் மரங்களில் ஒரு இலை அசையவில்லை. அந்த நிசப்தத்தில் என் காது கத்தியது பாரு, சேலத்தில் கொசுவாக இருந்தது அங்கே மாவு மில்லாக மாறியது. பதினோரு ராத்திரி. ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். பன்னிரண்டாம் நாள் கீழே இறங்கிவிட்டேன். காது ஆறவில்லை, பயம்தான் இரண்டு மடங்காகியிருந்தது.

14 ஜூன் 2024

அமைதியில் ஏன் கூடுகிறது என்று கேட்டிருக்கிறாய். எனக்கு ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற டெஸ்ட், எடுத்த பெண் சொன்னதைச் சொல்கிறேன்.

உள்காதில் நத்தைக்கூடு போல ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் மயிரிழை போன்ற செல்கள். அதிகச் சத்தத்திலோ வயதானதாலோ அவை செத்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. அந்தச் செல்கள் அனுப்ப வேண்டிய ஒலி வராதபோது மூளை சும்மா இருப்பதில்லை. ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக எடுக்கவில்லை என்றால் நாம் வால்யூமைத் திருகுவோம் இல்லையா? பாட்டு கூடாது, கரகரப்புதான் கூடும். அதே வேலையைத்தான் மூளை செய்கிறது. சுற்றிலும் ஒலி குறையக் குறைய அது இன்னும் திருகும்.

இன்னொன்றும் சொன்னாள். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்று இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் காது நன்றாகக் கேட்கிற 80 பேரை, ஒலியே நுழையாத அறையில் தனித்தனியாகச் சில நிமிடம் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்களாம். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாக எழுதினார்கள். ரீங்காரம், இரைச்சல், மணி அடிப்பது போல. ஒரு நோயும் இல்லாதவர்கள் அவர்கள். நாகலூர் வீடு உனக்கு அந்த அறைதான் தம்பி.

15 ஜூன் 2024

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. ஏற்காட்டுக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தோடு போ, ஏரியில் படகு விடு, சேர்வராயன் குகைக் கோயிலில் குனிந்து போய்க் கும்பிட்டு வா. சத்தத்திலிருந்து தப்பிக்கவென்று போகாதே, அவ்வளவுதான்.

17 ஜூன் 2024

பட்டறையை மூடுவதற்கு முன்னால் டெஸ்ட் எடு. "எடுத்தால் என்ன தெரியப்போகிறது" என்று கேட்கிறாய். எனக்கு அந்த ஒரு மணி நேரத்தில்தான் உயிர் வந்தது, அதனால் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் போன இடத்தில் என் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மருந்து கிடையாதும்மா, பழகிக்கோங்க" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு வாக்கியம் என்னைப் படுக்கையில் தள்ளியது. வாக்கியம் தப்பில்லை, காதிரைச்சலை அழிக்க மருந்து இல்லை என்பது உண்மைதான். ஆனால் எப்படிப் பழகுவது என்று சொல்லாமல் பழகிக்கொள் என்பது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு நீந்திக்கோ என்பது மாதிரி. ஐந்து மாதம் வீணாகப் போனது.

அப்புறம் ஒரு காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஆடியோகிராமுக்கு எழுதினார். ஒரு சின்ன அறை, சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை, கனத்த கதவு. ஹெட்போனை மாட்டிக் கையில் ஒரு பட்டன் கொடுத்தார்கள். ட்டீயென்று ஒலி கேட்டால் அமுக்க வேண்டும். கதவு மூடியதும் என் காது அலற ஆரம்பித்தது. வருகிற ஒலி எது, என் இரைச்சல் எது என்று பிரிக்கத் தெரியவில்லை. பட்டனைப் பிடித்தபடி அழுதுவிட்டேன். அந்தப் பெண் கதவைத் திறந்து உள்ளே வந்து தண்ணீர் கொடுத்தாள். "உங்க சத்தம் விடாம ஓடும். நான் விட்டு விட்டு அடிக்கறேன்க்கா. விட்டு விட்டுக் கேட்டா மட்டும் அமுக்குங்க" என்றாள். அந்த ஒரு சின்ன மாற்றம்தான், முழு டெஸ்டும் முடிந்தது.

தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. ஹெர்ட்ஸ் கூடக் கூடச் சுருதி உயரும். கோடு கீழே இறங்க இறங்க, அந்தச் சுருதி கேட்க அவ்வளவு அதிக டெசிபல், அதாவது அதிகச் சத்தம், வேண்டும். 250 ஹெர்ட்ஸிலிருந்து 2000 வரை இரண்டும் மேலேயே ஒட்டிப் போனது. 4000 வந்ததும் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி 50 டெசிபலுக்குக் கீழே இறங்கி, 8000இல் கொஞ்சம் மேலே ஏறியது. சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் பள்ளம் விழும் என்றாள். முப்பது வருஷத் தறி அந்தத் தாளில் இருந்தது.

கடைசியாக என் இரைச்சலையே அளந்தாள். ஒவ்வொரு ஒலியாகப் போட்டு, இது மாதிரியா, இது மாதிரியா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். 6000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பொருந்தியது. எவ்வளவு பலம் என்று பார்த்தால், நான் கேட்கக்கூடிய எல்லைக்கு மேலே வெறும் 7 டெசிபல். எனக்குக் கோபம் வந்தது, நம்பவில்லை. பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் வரும் என்றாள். ஒலி சின்னதுதான், அதை ஆபத்து என்று மூளை முத்திரை குத்திவிட்டதால் அதையே காவல் காக்கிறது என்றாள். நடு ராத்திரி திருடன் வருவான் என்று பயந்து படுத்தவனுக்கு எலி ஓடினாலும் இடி மாதிரி கேட்கும். அப்படி.

காதுக் கருவி போட்டேன், இரண்டு பக்கமும். தெருவில் தென்னை ஓலை உரசுகிற சத்தத்தை எத்தனையோ வருஷம் கழித்துக் கேட்டேன். கருவி போட்டிருக்கும்போது இரைச்சல் பாதிகூட இல்லை. உனக்குக் காது நன்றாகக் கேட்டால் கருவி தேவைப்படாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் டெஸ்ட்.

20 ஜூன் 2024

ஆத்தூர் அம்மாவுக்கு. நீங்கள் எழுதியிருப்பது எங்களுடையது மாதிரி இல்லை. ஒரு காதில் மட்டும், அதுவும் நாடித் துடிப்போடு சேர்ந்து டொக் டொக்கென்று கேட்கிறது என்றால் இங்கே பதில் தேடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். ரத்தக்குழாய் சம்பந்தமாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் இரைச்சல், கூடவே காது மந்தம், தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் இழுப்பது, இவற்றில் எது இருந்தாலும் ஸ்கேன் எடுப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனால் பார்த்துவிட வேண்டும்.

எல்லோருக்குமே ஒரு வார்த்தை. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால், சளி, அழுக்கு என்று ஒரு வாரம் பார்க்காதீர்கள். அன்றைக்கோ மறுநாளோ போய்விட வேண்டும். ஸ்டீராய்டு கொடுப்பார்கள், நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும்.

நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஊற்றுவதை நிறுத்துங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது உள்ளே போய்ப் புண்ணாக்கும். பட்ஸ் போட்டுக் குடைவதும் அழுக்கை உள்ளேதான் தள்ளும்.

2 ஜூலை 2024

தம்பி டெஸ்ட் எடுத்தாயிற்று என்று எழுதியிருக்கிறாய். உனக்கும் 4000இல் பள்ளம், ஆனால் ஆழம் கம்மி. கட்டிங் மெஷின் பிடிக்கும்போது இனி காதில் அடைப்பான் இல்லாமல் நிற்காதே.

இனி தூக்கம். எனக்கு இரைச்சலைவிடத் தூக்கமின்மைதான் பெரிய எதிரியாக இருந்தது, அது இரண்டும் வேறு வேறு என்று புரியவே ஒரு வருஷம் ஆனது. இரைச்சல் தூங்க விடவில்லை என்று நினைத்திருந்தேன். உண்மையில் இரைச்சல் இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்ததுதான் தூங்க விடவில்லை. தலையணையில் தலை வைத்ததும் முதல் வேலை, விரலால் காதைப் பொத்திப் பார்ப்பேன். இருக்கிறது. பத்து நிமிடம் கழித்து மறுபடி. ஒரு ராத்திரியில் முப்பது நாற்பது தடவை. காய்ச்சல் அடிக்கிற குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது மாதிரி. நிறுத்த வேண்டிய முதல் காரியம் அதுதான். எனக்கு அது சிகரெட்டை விடுவதைப் போல இருந்தது. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பேன்.

அடுத்து, படுக்கையில் புரளக் கூடாது. தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிடு. கடிகாரம் பார்க்காதே, செல்போன் எடுக்காதே. நான் அடுக்களைக்குப் போய் நாற்பது வாட்ஸ் பல்பைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பேன். மறுநாள் சட்னிக்கு. ஒரு முறம் நிறையத் தொலியும் ஒரு கிண்ணம் பருப்பும் சேரும்போது கண் சொக்கும், அப்போது போய்ப் படுப்பேன். தூக்கம் வராவிட்டால் மறுபடி முறம். படுக்கை என்றால் போராட்டம் என்று உடம்பு கற்றுக்கொண்டதை மாற்ற இது ஒரு நல்ல வழி. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும், பகலில் படுக்கக் கூடாது.

படுக்கையில் இருக்கிற நேரத்தையும் குறைக்க வேண்டும். நான் ஒன்பதரைக்கே படுத்துத் தூக்கத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு முன்னால் படுக்காதே என்றார்கள். நாலரை மணி நேரம்தான் படுக்கை. தூக்கம் கெட்டிப்பட்ட பிறகு வாரத்துக்குக் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அறை நிசப்தமாக இருக்கக் கூடாது. டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வை, காற்று வேண்டாம், ஒலி போதும். இல்லாவிட்டால் செல்லில் மழைச் சத்தம். இரைச்சலை மூழ்கடிக்கிற அளவுக்கு வைக்காதே. இரைச்சல் லேசாகக் கேட்கட்டும், மழையோடு கலந்து கேட்கட்டும். முழுசாக மூடினால் மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விடப் பழகாது.

3 ஜூலை 2024

நேற்று எழுதியதில் ஒரு பெரிய தப்பு, ராத்திரி முழுக்க உறுத்தியது. நாலரை மணி நேரம் என்று எழுதிவிட்டேன். என் பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன், பதினொன்றரையிலிருந்து ஐந்தரை, ஆறு மணி நேரம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே யாரையும் வைக்கக் கூடாது என்று எனக்குச் சொன்னவர் அழுத்திச் சொல்லியிருக்கிறார். வலிப்பு உள்ளவர்கள், மனநிலை ஏறி இறங்கும் நோய் உள்ளவர்கள் இதை மருத்துவர் இல்லாமல் செய்யவே கூடாது.

உன்னை நினைத்துத்தான் பயந்தேன் தம்பி. நீ கட்டிங் மெஷின் பிடிப்பவன். முதல் இரண்டு வாரம் பகலில் கண் செருகும். அந்த நாட்களில் அளவு எடுப்பது, கணக்குப் பார்ப்பது, பெயிண்ட் அடிப்பது மட்டும் செய். சக்கரத்தின் பக்கம் போகாதே. பைக்கும் வேண்டாம்.

27 ஜூலை 2024, அதிகாலை 3.15

இனி வாழவே பிடிக்கவில்லை என்று நீ எழுதியதை இப்போதுதான் பார்த்தேன். தம்பி, உடனே 14416க்குப் போன் பண்ணு. அரசாங்கத்தின் மனநல உதவி எண், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். பண்ணிவிட்டு உன் வீட்டில் யாரையாவது எழுப்பு. அம்மாவை எழுப்பு. தனியாக உட்காராதே. நான் விழித்துத்தான் இருக்கிறேன், எழுது.

27 ஜூலை 2024, காலை 6.05

அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்று பார்த்ததும்தான் மூச்சு வந்தது. இன்றைக்கே மனநல மருத்துவரைப் பார்த்துவிடு. அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அம்மா கூட வரட்டும்.

28 ஜூலை 2024

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. "இனி வாழ்க்கை முழுக்க இப்படித்தானா" என்ற எண்ணம்தான் என்னையும் 2019 ஆடியில் கிணற்றடி வரைக்கும் கொண்டுபோனது. இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. அன்றைக்கு என் மாமியார் மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்தார். என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. "வா சாமி, உள்ள வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். மறுநாள் நானே மனநல மருத்துவரிடம் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. காதுக்கு வைத்தியம் தேடியவள் ஏன் அங்கே போகிறாள் என்று சொந்தத்தில் பேசினார்கள்.

அங்கேதான் எனக்கு வழி கிடைத்தது. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுகிற பேச்சு சிகிச்சை, சிபிடி என்பார்கள். இரைச்சலால் வருகிற வேதனையைக் குறைப்பதில் இதுவரை ஆராய்ச்சியில் நன்றாகத் தேறியிருப்பது அதுதான். எட்டு வாரம் போனேன். "இது என்னைச் செவிடாக்கும், பைத்தியமாக்கும்" என்று என் மனசு சொன்ன ஒவ்வொன்றையும் தாளில் எழுதி, அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

அங்கே சொன்ன இன்னொன்றைப் பிடித்துக்கொள். முதலில் போவது இரைச்சல் இல்லை, இரைச்சலைக் கேட்டதும் வருகிற திக்கென்ற உணர்வு. அது போன பிறகுதான் இரைச்சல் கவனத்திலிருந்து நழுவ ஆரம்பிக்கும். நாம் தலைகீழாக எதிர்பார்த்து, இரைச்சல் இன்னும் போகவில்லையே என்று சோர்ந்துவிடுகிறோம்.

மாத்திரை பற்றிக் கேட்டிருந்தாய். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் அரை மாத்திரை தூக்க மருந்து வாங்கி எட்டு மாதம் போட்டவள் நான். அதைத் திடீரென்று நிறுத்தினேன். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் நடுக்கம், இரைச்சல் முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. அந்த வகை மாத்திரையை மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். நீ தொடங்காதே, தொடங்கியிருந்தால் நீயாக நிறுத்தாதே.

11 ஆகஸ்ட் 2024

ஆடித் திருவிழா முடிந்தது. பேரன் கூப்பிட்டதற்காகச் சேலம் குகைப் பகுதியில் நடக்கிற வண்டி வேடிக்கை, அதான் சாமி வேஷம் போட்டு அலங்கார வண்டியில் வருகிற ஊர்வலம், பார்க்கப் போனேன். நாலு வருஷம் மேளச் சத்தத்துக்குப் பயந்து வாசலைத் தாண்டாமல் இருந்தவள். ஸ்பீக்கர் வண்டி வரும்போது மட்டும் அடைப்பானைப் போட்டேன், போனதும் கழற்றிவிட்டேன். அப்படித்தான் செய்ய வேண்டும். சிலர் பயத்தில் நாள் முழுக்கக் காதை அடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். சாதாரணப் பேச்சு, பாத்திரச் சத்தத்துக்கெல்லாம் அடைத்தால் மூளை இன்னும் வால்யூமைத் திருகும், சின்னச் சத்தமும் தாங்காமல் போய்விடும்.

வருகிற வழியில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். பீட்ரூட், கேரட், புதினாச் சட்னி வைத்து அடுக்கினது. வாயில் போட்டு நொறுக்கும்போது மண்டை முழுக்க அந்தச் சத்தம்தான். இரைச்சல் எங்கே என்று நினைத்துப் பார்க்கக்கூட இல்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

22 ஆகஸ்ட் 2024

காபியை அடியோடு நிறுத்த வேண்டுமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். முன்னொரு தடவை வேறொருவருக்கு "நிறுத்து" என்று நான்தான் சொன்னேன். அதை இப்போது மாற்றிக்கொள்கிறேன். நான் ஒரே நாளில் நிறுத்தி நாலு நாள் தலைவலியில் கிடந்தேன், இரைச்சலில் ஒரு மாற்றமும் இல்லை. காபியால் காதிரைச்சல் கூடும் என்று உறுதியாகக் காட்டினவர் யாரும் இல்லை. தூக்கத்தைக் கெடுக்கும், அது நிச்சயம். குடித்த காபியில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் மத்தியானத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் காலையில் ஏற்காட்டுக் கொட்டையில் போட்ட டிகாக்‌ஷன் ஒரு டம்ளர், பதினொரு மணிக்கு ஒரு டம்ளர். அதோடு சரி.

1 நவம்பர் 2024

நேற்றைய தீபாவளி வெடியில் இன்றைக்கு எல்லோருக்கும் இரைச்சல் கூடியிருக்கும். எனக்கும் கூடியிருக்கிறது. இரண்டு மூன்று நாளில் இறங்கும். பொத்திப் பார்க்காதீர்கள்.

3 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் மழை. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி போகவில்லை, நாத்தனாரிடம் போனில் பேச ஒரு நாள் முழுக்க முயற்சி செய்தேன். நல்லவேளை அவர்கள் பத்திரம்.

ராத்திரி முழுக்கத் தகரக் கூரையில் மழை அடித்தது, அப்படியே தூங்கிவிட்டேன். மழை என்றதும் ஜூனில் எழுதாமல் விட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. மஞ்சக்குட்டையில் பதினோரு ராத்திரி என்று எழுதினேன் இல்லையா, அதில் ஒரு சாயங்காலம் இரைச்சல் காணாமல் போனது. பொழுது இறங்கும் நேரம், காபிச் செடிக்கு நடுவில் நாத்தனாரோடு விறகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சில்வண்டு கத்த ஆரம்பித்தது, அப்புறம் பத்து, அப்புறம் தோட்டம் முழுக்க. மிளகுக்கொடி ஏறின மரம் ஒவ்வொன்றிலிருந்தும் அதே சுருதி. என் காதில் இருப்பது எது, மரத்தில் இருப்பது எது என்று தெரியவில்லை. அந்தக் கால் மணி நேரம் எனக்குப் பயமில்லை. இருட்டியதும் வண்டுகள் ஒவ்வொன்றாக நின்றன, என் சத்தம் மட்டும் தனியாக மிஞ்சியது, பயமும் திரும்பி வந்தது. சுருதியில் வித்தியாசமே இல்லை. ஆனால் மரத்தில் கத்தினபோது அது வண்டு, என் காதில் கத்தினபோது அது எமன்.

அன்றைக்கு இதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை. ஏற்காடு எனக்கு ஒன்றும் தரவில்லை என்று ஜூனில் எழுதியது தப்பு.

19 ஜனவரி 2025

நேற்று தறிக்கூடத்தில் செல்போன் செயலி வைத்து அளந்தேன். எட்டுத் தறியும் ஓடும்போது 94க்குக் கீழே இறங்கவில்லை. செயலி அவ்வளவு துல்லியம் கிடையாது, ஆனாலும் பாருங்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபல் என்பதுதான் காதுக்கான எல்லை. அதற்கு மேல் மூன்று கூடினால் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி நேரம், 91க்கு இரண்டு, 94க்கு ஒரு மணி நேரம். எங்கள் ஆட்கள் பத்து மணி நேரம் நிற்கிறார்கள்.

என் அப்பா கடைசிவரைக்கும் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். "கண்ணு, தறிய நிறுத்துனாலும் காதுக்குள்ள ஓடுது." நாங்கள் அதை வேலை மேல் இருந்த பிடிப்பு என்று நினைத்தோம். நாடா போய்வருகிற சத்தம் அவர் மனசிலேயே தங்கிவிட்டது என்று பெருமையாகப் பேசிக்கொண்டோம். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து காதைக் கசக்கிக்கொண்டிருப்பார். அம்மா பூண்டெண்ணெய் ஊற்றுவார். எனக்கு வரும்வரை நான் அவரை ஒரு தடவைகூட என்னவென்று கேட்கவில்லை.

பொங்கலுக்கு ஆட்கள் ஆறு பேருக்கும் துணியோடு சேர்த்து ஃபோம் அடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். "இதப் போட்டா நூல் அறுந்தா எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார்கள். சத்தத்தை வைத்துத்தான் தறியின் கோளாறு தெரியும், அது நியாயமான பயம். நானே போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க நின்று காட்டினேன். மொத்தச் சத்தமும் இறங்குகிறது, ஆனால் தறி தடுமாறினால் அந்த மாற்றம் கேட்கத்தான் செய்கிறது. போடுகிற முறைதான் முக்கியம். விரலில் உருட்டி மெல்லிசாக்கி, மற்றக் கையால் காதை மேலேயும் பின்னாலேயும் இழுத்து உள்ளே விட்டு, உப்பி வரும்வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். வெறும் பஞ்சைத் திருகி வைப்பதில் பயன் ரொம்பக் குறைவு. அப்பா அதைத்தான் வைத்திருந்தார்.

ஆறு பேரில் இரண்டு பேர் போடுகிறார்கள். பார்ப்போம்.

14 பிப்ரவரி 2025

நேற்று ராத்திரி கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் விழித்துவிட்டேன். காது பழையபடி கத்தியது. எழுந்து அடுக்களைக்குப் போகலாமா, முறத்தை எடுக்கலாமா என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஞாபகம் இருப்பது காலையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததுதான். கரண்ட் எப்போது வந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டேன், இரண்டரைக்காம்.

தம்பி ஐந்தரை மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கியதாக எழுதியிருப்பதை இவரிடம் படித்துக் காட்டினேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர். முப்பத்தைந்து வருஷம் தறியோடு நின்றவர், டிவியை முப்பதில் வைத்துத்தான் பார்ப்பார், எனக்கொன்றும் இல்லை என்பார். நேற்று அவராகவே "எனக்கும் அந்த டெஸ்ட் எடுத்துரலாம்" என்றார். திங்கட்கிழமை போகிறோம். டெஸ்டுக்கு முன்னால் பதினாறு மணி நேரமாவது பெரிய சத்தத்தில் நிற்கக் கூடாது, நின்றால் காது தற்காலிகமாக மந்தமாகித் தப்பாகக் காட்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே தறியை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.